சபையில் எங்களுக்கு இடம் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போதும், ஜெபக் கூட்டம் கலைந்த பிறகு ஓரமாக அழைத்துப் போயும், இரவில் தொலைபேசியில் குரலைத் தாழ்த்தியும் பலர் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. கேட்டவர்களில் பெற்றோர் உண்டு, வாலிபர் உண்டு, இரண்டு ஆயர்களும் உண்டு. நான் தென்மாவட்டம் ஒன்றில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை உறுப்பினர். ஓய்வுநாள் பாடசாலையில் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தன்பாலீர்ப்பு உள்ளவர்களையும் திருநங்கை, திருநம்பியரையும் சபை முழுமையாக ஏற்க வேண்டும் என்பது என் விசுவாசம். அதை மறைத்துக்கொண்டு நடுநிலை பேச எனக்கு விருப்பமில்லை. சபைகள் வேறு விதமாகப் போதிக்கும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

தன்பாலீர்ப்பு, திருநங்கை எல்லாம் ஒன்றுதானா? எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

ஒன்றல்ல. தன்பாலீர்ப்பு என்பது ஒருவருடைய மனம் யாரை நாடுகிறது என்பதைப் பற்றியது. ஆண் ஆணையோ, பெண் பெண்ணையோ நேசிப்பது. இருபாலரையும் நாடுகிறவர்களும் இருக்கிறார்கள். திருநங்கை, திருநம்பி என்பது தாம் யார் என்பதைப் பற்றியது. பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டு, பெண்ணாகத் தம்மை அறிகிறவர் திருநங்கை. மாறாக இருப்பவர் திருநம்பி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பல பிரசங்கங்கள் நடக்கின்றன.

கிறிஸ்தவராகவும் இருந்து, இப்படியும் இருக்க முடியுமா?

முடியும். இருக்கிறார்கள். குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் வகுப்பில் விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் செய்து, பாடகர் குழுவில் நின்று பாடுகிறவர்களில் அவர்களும் உண்டு. உங்களுக்குத் தெரியாததற்குக் காரணம், சொன்னால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும் என்பதே.

அமெரிக்காவில் டிராய் பெரி என்ற போதகர் தன்பாலீர்ப்பு காரணமாகத் தம் ஊழியத்தை இழந்தவர். 1968 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் தம் வீட்டிலேயே ஆராதனை தொடங்கினார். முதல் நாள் வந்தவர்கள் 12 பேர். அதுவே பிறகு பல நாடுகளில் பரவிய மெட்ரோபொலிட்டன் கம்யூனிட்டி சர்ச் ஆனது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். செங்கல்பட்டு அருகே நத்தத்தில் பாரதி என்ற திருநங்கை, இறையியல் படித்து, இந்திய சுவிசேஷத் திருச்சபையின் போதகராக ஊழியம் செய்தார்.

எங்கள் திருச்சபையின் நிலைப்பாடுதான் என்ன? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

ஒவ்வொரு திருச்சபைக்கும் ஒரு நிலை என்பதால் அப்படித் தோன்றுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏடு, தன்பாலீர்ப்பு உள்ளவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாடு கூடாது என்கிறது. அதே ஏடு தன்பால் உறவை ஒழுங்குக்கு மாறானது என்றும் போதிக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் படித்துக் காட்டுகிறவர் பாதியைத்தான் சொல்கிறார். திருத்தந்தை பிரான்சிஸ் 2023 ஜனவரியில், தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆண்டு டிசம்பர் 18 அன்று, அத்தகைய இணையரைக் குருக்கள் எளிய முறையில் ஆசீர்வதிக்கலாம் என்று வத்திக்கான் அறிவித்தது. திருமணத்தைப் பற்றிய போதனை மாறவில்லை.

சிஎஸ்ஐ, இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த சபைகளின் உலகக் கூட்டான ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தது. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டுமே என்று அந்த ஐக்கியத்தின் பேராயர்கள் கூடிய 1998 லாம்பெத் மாநாடு எடுத்த தீர்மானத்தின் பக்கமே நம் பேராயர்களில் பெரும்பாலானோர் நிற்கிறார்கள். ஆனால் சிஎஸ்ஐ உறுப்பினராக இருக்கும் இந்தியத் தேசியத் திருச்சபைகள் மன்றம், பாலினப் பன்மைக்கென்றே ஒரு தனி அரங்கம் வைத்து நடத்துகிறது. சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் வருங்கால ஆயர்கள் இதைப் பாடமாகவே விவாதிக்கிறார்கள். பெந்தெகொஸ்தே, சுயாதீனச் சபைகளில் எதிர்ப்பு அதிகம்; அங்கே எல்லாம் அந்தந்தப் போதகரைப் பொறுத்தது.

தனக்குத் தன்பாலீர்ப்பு என்று என் மகன் எங்களிடம் சொல்லிவிட்டான். பாஸ்டரிடம் சொல்லி ஜெபிக்கச் சொல்லலாமா?

மகனைக் கேட்காமல் சொல்லக் கூடாது. அவன் உங்களை நம்பிச் சொன்னது உங்களுக்கு மட்டும். நம் ஊர்களில் ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒரு வீட்டு விஷயம் எவ்வளவு வேகமாகச் சேகரம் (ஓர் ஆயரின் கீழ் உள்ள சபைகள்) முழுவதும் போகும் என்பது உங்களுக்கே தெரியும். 'ஒரு பையனுக்காக ஜெபியுங்கள், பெயர் வேண்டாம்' என்று சொன்னாலும் மாலைக்குள் பெயர் வந்துவிடும்.

உங்களுக்கு மனப்பாரம் இருந்தால், ஊருக்கு வெளியே உள்ள, இரகசியம் காக்கும் ஒருவரிடம் பேசுங்கள். கத்தோலிக்கராக இருந்தால் ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில், பேசலாம். அதை வெளியே சொல்லக் குருவுக்கு அனுமதியே கிடையாது. மகனிடம் இன்றே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: 'நீ எங்கள் பிள்ளை, அதில் மாற்றமில்லை.' மற்றதையெல்லாம் பிறகு மெல்லப் பேசிக்கொள்ளலாம்.

உபவாச ஜெபமும் விடுதலை ஜெபமும் செய்தால் மாறிவிடாதா? மாறியவர்களின் சாட்சியைக் கேட்டிருக்கிறேனே.

நானும் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவில் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 1976 முதல் இதையே ஊழியமாகச் செய்தது. 2013 ஜூனில் அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தங்களால் காயப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார், அமைப்பும் மூடப்பட்டது. தம்மிடம் வந்தவர்களில் ஆகப் பெரும்பாலோருக்கு ஈர்ப்பு மாறவே இல்லை என்பதை அவரே அதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். இதற்காகவே வாழ்ந்த மனிதரின் வாய்ச்சொல் இது.

உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைக்குத் தடை விதித்தார். தமக்கே இதில் தெளிவில்லை என்று சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகு எழுதிய தீர்ப்பு அது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் இத்தகைய சிகிச்சை மருத்துவருக்கு உரிய நடத்தை அல்ல, தவறு என்று அறிவித்தது. 'நல்ல டாக்டர் ஒருவர் இருக்கிறார், ஊசி போட்டால் சரியாகும்' என்று யாராவது சொன்னால் அந்த வாசலை மிதிக்காதீர்கள்.

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிசாசு பிடித்திருக்கிறது என்று ஒரு பிள்ளையைத் தரையில் தள்ளி, நாலு பேர் பிடித்துக்கொண்டு கத்துவது ஜெபம் அல்ல. அப்படி அனுபவித்தவர்கள் வருடக்கணக்கில் ஆலய மணிச் சத்தத்துக்கே நடுங்குகிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கல்யாணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் என் அண்ணன். அவர் சொல்வதும் நியாயமாகத்தானே இருக்கிறது?

நியாயமே இல்லை. ஆலயத்தில் திருமண அறிவிப்பான ஓலை வாசித்து, ஆயர் முன் 'சம்மதம்' என்று சொல்லி வரப்போகும் அந்தப் பெண் யாருடைய மகள்? அவள் எதற்குச் சம்மதித்தாள் என்று அவளுக்கே தெரியாமல் இருக்கும். சில வருடங்கள் கழித்து அவள், 'என்னிடம் என்ன குறை?' என்று தன்னையே நொந்துகொண்டு உங்கள் வீட்டு அடுக்களையில் நிற்பாள். கிறிஸ்தவத் திருமணத்தில் விவாகரத்து எவ்வளவு இழுக்கும் என்பது தெரிந்ததே. ஒரு வாழ்க்கையைச் சரிசெய்வதாக நினைத்து இரண்டு வாழ்க்கையைக் கெடுக்க வேண்டாம்.

திருநங்கை ஒருவர் ஆலயத்துக்கு வந்தால் எந்தப் பக்கம் உட்கார வைப்பது?

இதைக் கேட்டவர் வெளியில் நின்று வரவேற்கும் ஒரு பெரியவர். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தவித்தார். நம் ஆலயங்கள் பலவற்றில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். உள்ளே நுழைகிற திருநங்கைக்கு முதல் சோதனை பிரசங்கம் அல்ல, அந்த நடைபாதைதான். பெண்கள் பக்கம் போனால் முக்காடுகள் திரும்பும். ஆண்கள் பக்கம் போகச் சொன்னால் அவர் யார் என்பதையே மறுத்ததாகும். அதனால் பலர் கடைசி பெஞ்சிலோ வெளித் திண்ணையிலோ இருந்துவிட்டு, ஆசீர்வாதம் சொல்லும் முன்பே எழுந்து போய்விடுகிறார்கள்.

விடை எளிது. பெண்கள் பக்கம். அவர் வருவதற்கு முன்பே பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருவரிடம் பேசிவையுங்கள். அவர் வந்ததும் ஒருவர் எழுந்து, 'அக்கா, இங்கே வாங்க' என்று நகர்ந்து இடம் கொடுத்து, பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தை எடுத்துக் கொடுத்தால் போதும். ஒரு கிராமத்து ஆலயத்தில் இது நடந்ததைப் பார்த்தேன். மூன்றாவது பாட்டுக்குள் யாரும் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த வருட அசனத்தில் (சபை விருந்தில்) அவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வருடம் பரிமாறினார்.

திருவிருந்து எடுக்கலாமா? திருநங்கைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்களா?

2023 நவம்பரில் வத்திக்கான் வெளியிட்ட பதிலில், திருநங்கையரும் திருநம்பியரும் மற்றவர்களைப் போலவே ஞானஸ்நானம் பெறலாம் என்று தெளிவாக இருக்கிறது. விசுவாசிகளிடையே இடறலோ குழப்பமோ எழாத நிலையில் என்பது அதில் உள்ள நிபந்தனை. சில சூழல்களில் ஞானப்பெற்றோராகவும் இருக்கலாம். பங்குத்தந்தை தயங்கினால் இந்த அறிவிப்பைப் பணிவாகக் குறிப்பிடுங்கள்.

சிஎஸ்ஐ சபைகளில் திருவிருந்துக்கு அழைக்கும் ஒழுங்கில், மனந்திரும்பி, பிறரோடு சமாதானமாக வருகிறவர்களைத்தான் அழைக்கிறோம். தன்பாலீர்ப்பு உண்டா என்ற கேள்வி அதில் இல்லை. திருவிருந்து வாங்கக் கம்பி அருகே முழங்காலில் நிற்கும் ஒருவரை ஆயர் தாண்டிப் போனால், அந்த ஆயரோடு பேச வேண்டியது மற்ற உறுப்பினர்களின் கடமை. அவமானப்பட்டவரையே போய்ப் பேசவிடாதீர்கள்.

சோதோம் கொமோரா அழிந்ததே இந்தப் பாவத்தால்தானே?

ஆதியாகமம் 19-ஐ மறுபடி வாசியுங்கள். ஊருக்கு வந்த அந்நியர்களை ஒரு கும்பல் சூழ்ந்து பலவந்தம் செய்ய முயன்ற கதை அது. வன்கொடுமைக்கும், இருவர் ஒருவரையொருவர் விரும்பிச் சேர்ந்து வாழ்வதற்கும் என்ன தொடர்பு? சோதோமின் அக்கிரமம் எது என்று எசேக்கியேல் 16:49 பெயர் சொல்லியே கூறுகிறது: கர்வம், ஆகாரத் திரட்சி, பிறகு 'சிறுமையும் எளிமையுமானவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை.' வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைக்குக் கதவைத் திறக்காத சபைதான் இந்த வசனத்தைக் கேட்டு நடுங்க வேண்டும்.

சரி, லேவியராகமமும் ரோமரும்? அவை நேராகவே சொல்கின்றனவே.

கடினமான கேள்வி. இந்த வசனங்கள் இல்லாதது போல் நான் பேச மாட்டேன். லேவியராகமம் 18:22 தடை செய்கிறது. அதே புத்தகம் செதிள் இல்லாத மீனையும் தடை செய்கிறது என்று சொன்னால், 'அது சடங்குச் சட்டம், இது ஒழுக்கச் சட்டம்' என்பார்கள். அப்படியானால் வட்டியை எடுத்துக்கொள்வோம். லேவியராகமம் 25 ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்காதே என்கிறது. எசேக்கியேல் 18 அதை அருவருப்புகளின் வரிசையில் வைக்கிறது. சடங்கு அல்ல, சுத்தமான ஒழுக்கம். ஆனால் வட்டிக்கு விடும் எத்தனையோ பேர் நம் கமிட்டிகளில் கணக்குப் பார்க்கிறார்கள். யாரையும் திருவிருந்திலிருந்து தள்ளவில்லை. ஆக, வசனத்தைக் காலத்தோடு சேர்த்துப் பொருள்கொள்ள நமக்குத் தெரியும். யாருக்காக அப்படிச் செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

பவுல் ரோமர் 1-இல் சிருஷ்டிகரை விட்டு விக்கிரகங்களிடம் திரும்பி, இச்சையில் வெந்துபோனவர்களைப் பற்றி எழுதுகிறார். அவர் கண்முன் இருந்த ரோம உலகில் எஜமான்கள் அடிமைச் சிறுவர்களைப் பயன்படுத்துவது வழக்கம். சமமான இருவர் உண்மையாக இணைந்து வாழும் குடும்பத்தை அவர் மனதில் வைத்து எழுதினாரா என்பதில் வேத அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வேறுபாடு இல்லாத ஒன்று, அடுத்த அதிகாரத்தின் முதல் வசனம்: 'மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை.' அந்தப் பட்டியலை வாசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தவர்களை நோக்கித்தான் பவுல் இங்கே திரும்புகிறார். பிரசங்கங்கள் பெரும்பாலும் முதல் அதிகாரத்தோடு நின்றுவிடுகின்றன.

தேவன் ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்று இருக்கிறது. திருநங்கைக்கு வேதத்தில் இடம் எங்கே?

நிறையவே இருக்கிறது. உபாகமம் 23:1 விதையடிக்கப்பட்டவன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்கிறது. அப்படிப்பட்டவரை வேதம் அண்ணகர் என்கிறது. பல தலைமுறைக்குப் பிறகு ஏசாயா 56 அந்தக் கதவையே திறக்கிறது. 'நான் பட்டமரமென்று அண்ணகன் சொல்லாதிருப்பானாக' என்ற பொருளில் தொடங்கி, குமாரர் குமாரத்திகளுக்கு உரியதைவிட மேலான இடமும், என்றும் அழியாத நாமமும் என் ஆலயத்தில் தருவேன் என்று கர்த்தர் வாக்களிக்கிறார். வாரிசு இல்லை, வம்சம் இல்லை என்று குடும்பம் கைகழுவிய ஒருவருக்கு இந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டியிருக்கிறேன். 'பட்டமரம்' என்ற இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். அது அவருடைய அப்பா அவரைத் திட்டும் சொல்.

தாயின் வயிற்றிலிருந்தே அண்ணகராய்ப் பிறந்தவர்கள் உண்டு என்று மத்தேயு 19:12-இல் இயேசுவே சொல்கிறார், ஒரு கண்டனமும் இல்லாமல். அப்போஸ்தலர் 8-இல் வரும் எத்தியோப்பிய மந்திரியும் அண்ணகரே. வழியில் தண்ணீரைக் கண்டதும் தனக்கு ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று கேட்கிறார். பிலிப்பு இரதத்தை விட்டு இறங்கி, அவரோடு தண்ணீருக்குள் போகிறார். எருசலேமுக்கு எழுதிக் கேட்டு அனுமதி வாங்கவில்லை. இன்றைய திருநங்கையரும் அக்கால அண்ணகரும் முற்றிலும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆண், பெண் என்ற வழக்கமான கட்டத்துக்குள் அடங்காதவர்களைத் தேவன் எப்படி நடத்துகிறார் என்பதற்கு இவை போதும்.

இதெல்லாம் மேற்கத்திய இறக்குமதி அல்லவா?

இறக்குமதியானது தண்டனை. 1860-இல் ஆங்கிலேயர் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவுதான் இதை இங்கே குற்றமாக்கியது. விருப்பத்தோடு சேரும் வயது வந்தோருக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. இலங்கையில் அதே காலனியச் சட்டத்தின் 365, 365-அ பிரிவுகள் அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்களை இன்னும் அச்சத்தில் வைத்திருக்கின்றன.

இன்னொன்று. 1947-இல் சிஎஸ்ஐ உருவானபோது எந்தெந்த மிஷன் சபைகள் ஒன்றாகச் சேர்ந்தனவோ, அவற்றின் தாய்ச்சபைகளில் பிரிட்டிஷ் மெதடிஸ்ட் சபை 2021-இலும், ஸ்காட்லாந்து சபை 2022-இலும் தன்பால் திருமணத்துக்கு இடமளித்தன. அவர்களிடமிருந்து வேதாகமத்தையும் பாமாலையையும் ஆராதனை ஒழுங்கையும் வாங்கியபோது இறக்குமதி என்று நாம் சொல்லவில்லை.

பாவத்தை வெறுக்கிறோம், பாவியை நேசிக்கிறோம். இதில் என்ன தவறு?

நேசிக்கப்படுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். அந்த நேசம் அவருக்கு ஒருபோதும் போய்ச் சேர்ந்ததில்லை. கோபக்காரரிடம், புறங்கூறுகிறவரிடம் இந்த வாக்கியத்தை யாரும் சொல்வதில்லை.

தன்பாலீர்ப்பு உள்ளவர்களிலேயே, தனித்து வாழ்வதே தங்களுக்கான அழைப்பு என்று உண்மையாக நம்பி வாழும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மதிக்கிறேன். ஆனால் தனிமை என்பது ஒருவர் தாமாக ஏற்கும் வரம். கமிட்டி கூடி மற்றவர்மேல் சுமத்த முடியாது.

நாங்கள் இருவரும் ஏழு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். ஆலயத்தில் திருமணம் செய்துவைப்பார்களா?

இப்போது இந்தியாவில் முடியாது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பால் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்தது. ஆயர் மனமிருந்து செய்துவைத்தாலும் பதிவேட்டில் ஏறாது. திருநங்கை ஓர் ஆணையோ, திருநம்பி ஒரு பெண்ணையோ மணப்பதற்குத் தடையில்லை என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனால் சபைகள் அதற்கும் தயங்குகின்றன.

கிடைக்கக்கூடியது ஜெபம். புதுவீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம், பிறந்தநாள் ஜெபம் என்று அழைத்தால் வரும் ஆயர்கள் இருக்கிறார்கள். கூடவே உயில், வங்கி நியமனதாரர், மருத்துவமனையில் யாரை அழைக்க வேண்டும் என்ற எழுத்து ஆகியவற்றை ஒரு வழக்கறிஞரிடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆயர் உள்ளுக்குள் ஆதரவுதான். வெளியே பேசப் பயப்படுகிறார். வற்புறுத்தலாமா?

வற்புறுத்துவதற்கு முன் அவருக்குத் துணை சேருங்கள். நம் அமைப்பில் ஒரு மொட்டைக் கடிதம் போதும், அவர் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டியிருக்கும். கமிட்டியில் இருவர், பெண்கள் சங்கத்தில் இருவர், வாலிபர் சங்கத்தில் இருவர் அவர் பக்கம் நிற்பார்கள் என்று தெரிந்தால் அவர் பேசுவார். முதல் நாளே பிரசங்கத்தில் வேண்டாம். 'வீடுகளிலிருந்து விலக்கப்பட்ட பிள்ளைகளுக்காக' என்று பொதுஜெபத்தில் ஒரு வரி சேர்ப்பது நல்ல தொடக்கம்.

நான் அவர்களில் ஒருத்தி அல்ல. நான் என்ன செய்யட்டும்?

நீங்கள் பேசினால் உங்களுக்கு நேரும் நஷ்டம் குறைவு. அதனால் நீங்கள்தான் பேச வேண்டும். பிரசங்கத்தில் திருநங்கையரைப் பற்றிக் கேலி வந்தால், அன்று மாலையே தனியாகப் போய், 'ஐயா, அது எனக்கு வருத்தமாக இருந்தது' என்று சொல்லுங்கள். வீட்டு வேதபாட வகுப்பில் மேலே சொன்ன ஏசாயா 56-ஐ எடுத்து நடத்துங்கள். யாராவது உங்களிடம் மனம் திறந்தால் அறிவுரையைத் தொடங்காதீர்கள். 'சாப்பிட்டாயா?' என்று கேளுங்கள்.

இதைப் பேசினால் சபை உடைந்துவிடாதா?

உடையலாம், மறைக்க மாட்டேன். அமெரிக்க ஐக்கிய மெதடிஸ்ட் சபை தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கு இருந்த தடைகளை 2024-இல் நீக்கியது. அதற்குள் அங்கே சுமார் 7,600 சபைகள், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, வெளியேறிவிட்டன. அந்த வலி உண்மை.

ஆனால் சமாதானம் என்ற பெயரில் நாம் எதைக் காப்பாற்றி வந்தோம் என்பதையும் பாருங்கள். நெல்லை மாவட்டம் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் தான் இடிந்தது. அதுவரை அந்தச் சுவரும் ஒற்றுமைக்காகத்தான் இருந்தது. சிஎஸ்ஐயில் பெண்களுக்குக் குருப்பட்டம் 1976-இல் தொடங்கி, முதல் பெண் பேராயர் வர 2013 ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் 'இப்போது வேண்டாம், சபை தாங்காது' என்றார்கள். சபை தாங்கியது.

நான் இறந்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் தருவார்களா?

இதைக் கேட்ட திருநங்கைக்கு வயது அறுபதுக்கு மேல். சந்தா அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைக்குள் வைத்திருந்தார். ஒரு மாதம்கூடப் பாக்கி இல்லை. பெற்றோரின் கல்லறை அதே தோட்டத்தில் இருக்கிறது.

உறுப்பினர் பட்டியலில் பெயர் இருப்பதும், சந்தா ரசீதுகளும் முக்கியம். அரசு அடையாள அட்டையில் உள்ள பெயரையே சபைப் பதிவேட்டிலும் திருத்தித் தரும்படி எழுத்தில் கேட்டு, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பெயரில், எந்த உடையில் அடக்கம் செய்ய வேண்டும் என்பதை எழுதி, நம்பிக்கையான இருவரிடம் கொடுத்து வையுங்கள். சவப்பெட்டி வந்த பிறகு விவாதம் நடத்துவது மிகக் கொடுமை. உங்கள் சபையில் உயிரோடு இருக்கும்போதே கமிட்டியில் இதைப் பேசித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள்.

எல்லாம் கேட்டாகிவிட்டது. எனக்கு அலுத்துவிட்டது. சபையை விட்டுப் போய்விடட்டுமா?

போகலாம். ஒவ்வொரு ஞாயிறும் காயப்பட்டுத் திரும்பும் இடத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று கர்த்தர் யாரையும் கேட்கவில்லை. சபையைத் திருத்துவது உங்கள் ஒருவரின் பொறுப்பும் அல்ல. அதற்குத்தான் மேலே மற்றவர்களிடம் அவ்வளவு சொன்னேன். சிலர் வேறு ஊரில் பெரிய ஆலயமொன்றில் யாரும் விசாரிக்காத கூட்டத்தில் ஆறுதல் காண்கிறார்கள். சிலர் நாலைந்து பேராக வீட்டில் கூடி ஜெபிக்கிறார்கள்.

போகும்போது கோபத்தில் வெறுங்கையோடு போக வேண்டாம். ஞானஸ்நான, திடப்படுத்தல் சான்றிதழ்களின் நகலையும், சபை மாற்றுக் கடிதத்தையும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் தர இழுத்தடித்தால் சான்றிதழ் நகல்கள் போதும். வேறு சபையில் சேரவும், மனம் மாறினால் இங்கேயே திரும்பி வரவும் அவை உதவும்.